அமைதிக்குப் பத்துக்குப் பத்து

இதனால் சகல பெற்றோருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வருகிற திங்கட்கிழமை காலை எட்டு நாற்பது மணி முதல் ஒன்பது மணி வரை பள்ளியில் அமைதி நிலவும்.

சுற்றறிக்கை அப்படித்தான் தொடங்கியது. பெரிய பெரிய யுத்தங்கள் முடிந்தபோதுகூட யாரும் இத்தனை திட்டவட்டமாக நேரம் குறித்திருக்க மாட்டார்கள். வளரிளம் பருவத்தினரின் மனநலமும் கற்றல் திறனும் ஒருசேர மேம்படும் பொருட்டு ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் நாள்தோறும் இருபது நிமிடம் தியானத்தில் அமர்வார்கள் என்றும், இந்த மகத்தான முயற்சிக்காக விளையாட்டுப் பாடவேளை மனமுவந்து விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கிறது என்றும் கீழே எழுதியிருந்தது. மனமுவந்தது யார் என்று எழுதவில்லை. பந்தாக இருக்கலாம்.

பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். பாய்லர்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நல்ல காரியம்தானே என்று தோன்றியது. மகள் பத்தாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பல் துலக்கும்போதே ஒலிபரப்பு ஆரம்பித்துவிடும். எந்த டீச்சர் எந்த டீச்சரோடு பேசுவதில்லை, எவள் எவளிடம் ரப்பர் வாங்கித் திருப்பித் தரவில்லை என்று இரவு விளக்கை அணைக்கும்வரை செய்தி வரும். சமீபமாகத்தான் பரீட்சை பயம் பிடித்து நகத்தைக் கடிக்கிறாள். இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்.

அவரும் மனைவியும் ஒரே இடத்தில்தான் வேலை. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் விரிப்பு துவைத்துத் தருகிற பெரிய சலவை நிலையம். அவள் மேலே இஸ்திரிக் கூடத்தில். உருளைகளுக்கு நடுவே நசுங்கி வெளிவரும் சூடான விரிப்பை எதிரே நிற்பவளோடு சேர்ந்து நாலாக, எட்டாக மடிக்க வேண்டும். விரல் நுனிகள் எப்போதும் வெந்துபோய் வழுவழுவென்றிருக்கும். அவர் கீழே பாய்லர் அறையில். மேலே போகிற நீராவி அத்தனையும் அவர் கையிலிருந்து போவதுதான். என்ன வேலை என்று கேட்டால் பார்ப்பதுதான் வேலை என்பார். பாய்லரின் முகப்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அது காட்டும். தண்ணீர் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கினால் உள்ளே இரும்பு பழுத்துவிடும்; அந்த நேரம் பார்த்து எவனாவது பதறிப்போய்க் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிட்டால் கட்டடம் இருக்காது. தானாக ஓடுகிற பம்பு, அலாரம் எல்லாம் இருக்கின்றன. அவற்றின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. "கண்ணை எடுத்தா போச்சு" என்பார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

பள்ளிக்கு ஒரு பயிற்றுநர் வந்தார். முன்பு தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றுக்கொண்டிருந்தவர். மூன்று நாள் பயிற்சியில் மனித மனத்தைச் சுத்திகரிக்கும் தகுதி பெற்றிருந்தார். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு குரல். பிள்ளைகள் அவருக்கு அமைதி சார் என்று பெயர் வைத்தார்கள். மூச்சைக் கவனியுங்கள், உள்ளே போகிறது, வெளியே வருகிறது, ஒரு மூச்சைக்கூடத் தவற விடாதீர்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டு அவர் தன் கண்களை மூடிக்கொள்வார். கண்ணைத் திறக்கிறவர்களின் பெயரை வகுப்புத் தலைவன் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு கரும்பலகையில் எழுதுவான்.

மதிப்பெண் இல்லாமல் ஒரு காரியம் நடந்தால் அது பள்ளிக்கூடமே இல்லை என்பது தலைமையாசிரியையின் கருத்து. ஆகவே அமைதிக்கும் பத்து மதிப்பெண் வைத்தார். இருமினால் ஒன்று குறையும். சிரித்தால் மூன்று. முதல் மாத அட்டையில் ரேடியோவுக்குப் பத்துக்குப் பத்து வந்திருந்தது. ஓவியத்தில்கூட ஏழைத் தாண்டாதவள். அட்டையை மனைவி பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

மழை பிடித்துக்கொண்டது அந்த வாரம்தான். சலவை நிலையத்தில் வெளியே எதுவும் உலரவில்லை, எல்லாச் சுமையும் நீராவியின் தலையில் விழுந்தது. பாய்லர்காரர் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தார். அதனால் வீட்டில் சத்தம் குறைந்துபோனதை அவர் கவனிக்கவே பத்து நாளாயிற்று. ஒருநாள் மாலை வந்து ஈரச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, வீட்டில் யாரும் இல்லையோ என்று நினைத்தார். திரும்பிப் பார்த்தால் மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். பக்கம் திரும்பவில்லை. உதடு மட்டும் துளியூண்டு அசைந்துகொண்டிருந்தது.

மனைவிக்கு சந்தோஷம். பொண்ணு பெரியவளாயிட்டா, பொறுப்பு வந்துடுச்சு, அந்த சாருக்குக் கோடி கும்பிடு என்றாள். அவரும் ஆமாம் என்றார். என்றாலும் ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது.

அது என்னவென்று மறுநாள் வேலையில்தான் பிடிபட்டது. சலவை நிலையத்து ஃபிட்டர், அவரைவிடப் பத்து வயது சின்னவன், வாய் ஓயாதவன், டீ வாங்கிக்கொண்டு வந்து கண்ணாடிக் குழாயைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தண்ணி எவ்வளவு ஒழுங்கா நிக்குது பாருங்க, ஒரு ஆட்டமும் இல்ல" என்றான்.

பாய்லர்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். ஓடுகிற பாய்லரில் கண்ணாடித் தண்ணீர் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஒரு நூல் ஏறும், ஒரு நூல் இறங்கும். ஆடாமல் நின்றால் குழாயின் வழி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். கண்ணாடி காட்டுவது பழைய தண்ணீர். உள்ளே எவ்வளவு இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. அவர் நெருப்பைக் குறைத்துவிட்டு அடிக் குழாயைத் திறந்து ஊதவிட்டார். சேறு மாதிரி ஒன்று கக்கிக்கொண்டு வெளியே வந்தது. பிறகு தண்ணீர் துள்ளி ஏறி, ஆடத் தொடங்கியது.

"ஒண்ணும் ஆகலையே அண்ணே. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ஆட்டமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வீட்டிலும் பார்க்கத் தொடங்கினார். ஒரு ரொட்டித் துண்டை வாயில் வைத்தால் மெல்லாமல் காத்திருப்பாள். மென்றால் விழுங்காமல் காத்திருப்பாள். ஒரு சாப்பாடு முக்கால் மணி நேரம். தண்ணீரை மடக்மடக்கென்று குடிக்கிறவள், இப்போது ஸ்பூனால் நாக்கை நனைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால், "இல்லப்பா, சும்மாதான்" என்று இரண்டே வார்த்தை. வார்த்தைக்கு நடுவே நீண்ட இடைவெளி. கண்ணுக்குக் கீழே கருப்பு இறங்கியிருந்தது. கணக்கில் நாற்பது மார்க் குறைந்தது.

ஃபிட்டரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவன் மகனும் அதே பள்ளியில் ஒன்பதாவது. பரீட்சை என்றால் முந்தின நாளே வாந்தி எடுக்கிறவன். இந்தத் தியானம் வந்த பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போய் எழுதுகிறானாம். "நல்லதுதான் அண்ணே அது. உங்க பொண்ணுக்கு வேற என்னமோ" என்றான். கொஞ்சம் தயங்கி, தன் மனைவியின் சொந்தத்தில் ஒரு பெண் இப்படித்தான் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள் என்று ஆரம்பித்தான். பாய்லர்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் கதையை முடிக்காமல் ஸ்பானரைத் தேடப் போய்விட்டான். முடிக்காத கதையைப் போலப் பயங்கரமான கதை கிடையாது.

மறுநாள் பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியையின் மேஜையில் ஒரு கூழாங்கல், ஒரு சின்ன மணி, "இங்கே அமைதி வசிக்கிறது" என்று எழுதிய பலகை. அமைதியோடு இரண்டு தொலைபேசிகளும் வசித்தன. இரண்டும் மாறி மாறி அடித்தன. அவர் சொன்னதை அந்த அம்மாள் பாதிவரை கேட்டார்.

"உங்க மகள்தான் எங்க திட்டத்தோட முகம். முந்நூறு பேர்ல அவள மாதிரி அசையாம உட்கார ஆள் கிடையாது."

"அதுதான் மேடம் பயமா இருக்கு."

"இதுல பயப்பட என்ன இருக்கு?"

"ஆடணும் மேடம். உயிர் இருந்தா கொஞ்சமாவது ஆடணும்."

தலைமையாசிரியை அவரைப் பரிவோடு பார்த்தார். ஆழ்நிலை என்று ஒன்று இருப்பதாகவும், வீட்டில் இருப்பவர்களுக்கு அது புரியக் கொஞ்சகாலம் ஆகும் என்றும், வருகிற வியாழக்கிழமை கல்வி அதிகாரி முன்னிலையில் நடக்கும் அமைதி விழாவில் அவள் மேடையில் அமரப்போகிறாள் என்றும், அவசியம் துவைத்த சட்டையில் வர வேண்டும் என்றும் சொன்னார். சலவை நிலையத்துக்காரனிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். மத்தியானம். மகள் பள்ளியிலிருந்து வரவில்லை. உள்தாழ்ப்பாளின் நான்கு திருகாணிகளில் மூன்று வந்துவிட்டன, நாலாவது துரு ஏறிக் கையில் சுழன்றது. மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீங்க?"

"தாழ்ப்பாள் துரு புடிச்சிருக்கு. புதுசு வாங்கணும்."

அவள் தரையில் கிடந்த மூன்று திருகாணிகளைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் வீட்டு மாத்திரை டப்பா இருந்தது. அதைத் தன் வேலைப் பைக்குள், விரிப்பு மடிக்கும்போது போடும் கையுறைகளுக்கு அடியில் வைத்து மூடினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நாலாவது திருகாணி வந்து தரையில் உருண்டது.

வியாழக்கிழமை காலை ஷிஃப்டைப் பாதியில் மாற்றிக் கொடுத்துவிட்டு அவர் பள்ளிக்குப் போனார். எண்ணெய் நெடியோடு கடைசி வரிசையில் நின்றார். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. மேடை முழுக்க வெள்ளைத் துணி. விழாவில் ஆறு பேர் அமைதியைப் பற்றி ஒன்றே கால் மணி நேரம் பேசினார்கள். மைக் இரண்டு முறை ஊளையிட்டது. அமைதியின் அவசியத்தை வலியுறுத்தும்போது கல்வி அதிகாரி மேஜையைக் குத்தினார்.

பிறகு பிள்ளைகள் கண்களை மூடினார்கள். கீழே முந்நூறு பேர், மேடையில் நடுவே மகள் மட்டும் தனியாக. மழை தகரக் கூரையில் விழும் சத்தம் மட்டும். பாய்லர்காரர் அவள் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நூல் ஏற வேண்டும், ஒரு நூல் இறங்க வேண்டும். இத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை.

அமைதி சார் மணியை அடித்தார். முந்நூறு பேரும் கண்ணைத் திறந்து, சோம்பல் முறித்து, பக்கத்திலிருப்பவனைக் கிள்ளினார்கள். மகள் திறக்கவில்லை. கைதட்டல் எழுந்தது. திறக்கவில்லை. பாருங்கள், இதுதான் ஆழம் என்றார் கல்வி அதிகாரி. இன்னும் பலமாகத் தட்டினார்கள். புகைப்படக்காரர் முட்டிபோட்டு மூன்று கோணங்களில் எடுத்தார். மகளின் கண்ணோரத்திலிருந்து ஒரு கோடு கன்னத்தில் இறங்கி வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று மைக்கில் அறிவித்தார் தலைமையாசிரியை.

தான் எப்போது நடக்கத் தொடங்கினார் என்று பாய்லர்காரருக்குப் பிற்பாடு நினைவில்லை. மேடையில் வெள்ளைத் துணி முழுக்க அவருடைய செருப்புத் தடம். அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா."

"பேசாதப்பா." உதடு மட்டும் அசைந்தது. "விட்டுப்போயிடும்."

"எதும்மா?"

"மூச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தாத்தான் போகுது. பாக்காட்டி நின்னுடும்."

"எத்தனை நாளா?"

"முதல்ல ஸ்கூல்ல மட்டும்தான். அப்புறம் வீட்லயும். அப்புறம் நிறுத்தவே முடியல. மூணு வாரமாத் தூங்கலப்பா. கொஞ்சம் கண் அசந்தா தூக்கிப் போடுது. தூங்கிட்டா யாரு பாக்குறது?"

"பாக்க வேண்டியதில்லடா. அது தானா போகும்."

"தானா போறத நம்பாதேன்னு நீதானே சொல்லுவ. கண்ணை எடுத்தா போச்சுன்னு."

முந்நூறு பிள்ளைகள் தியானத்தில் உட்கார்ந்த பள்ளியில், மூச்சைக் கவனி என்றதும் மற்றவர்கள் எல்லாம் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் கவனித்தாள். பாய்லர்காரர் வீட்டில் கவனிப்பதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

பின்னால் அமைதி சார் அவர் தோளைத் தொட்டு, நிலை கலையக் கூடாது, மெதுவாக இறங்கிவிடுங்கள் என்று கிணற்றுக் குரலில் சொன்னார். பாய்லர்காரர் திரும்பாமலே, நீங்க கொஞ்சம் வெளிய போங்க சார் என்றார். இது மைக்கில் கேட்டது. பிள்ளைகள் அன்றைய விழாவில் முதன்முறையாக மனப்பூர்வமாகக் கைதட்டினார்கள்.

பயப்படாதே என்று சொல்ல அவருக்கே பயமாக இருந்தது. அவருக்குத் தெரிந்தது ஒரு வேலைதான். அந்த வேலையில் ஒருவன் இடத்தைவிட்டு எழுந்திருக்க ஒரே ஒரு வழிதான் உண்டு.

"சரி. எட்டு மணி நேரத்துக்கு மேல யாரும் பாக்கக் கூடாது. அது ரூல். அடுத்த ஆள் வந்து, கண்ணால பாத்து, நான் எடுத்துக்கிட்டேன்னு சொன்னா நீ எந்திரிச்சுப் போயிடணும். நான் வந்திருக்கேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

"நீ டீ குடிக்கப் போயிடுவ."

"போக மாட்டேன்."

"அந்த ஃபிட்டர் அங்கிள் வந்தா பேசிக்கிட்டு நிப்ப."

"அவன உள்ளயே விட மாட்டேன்."

"எங்க வந்திருக்கு இப்போ, சொல்லு."

அவர் அவள் முதுகில் கையை வைத்தார். சட்டைக்குள் எலும்பு தட்டியது. "உள்ள போகுது," என்றார். "நின்னுச்சு. இப்போ வெளிய வருது. மறுபடி போகுது. பாத்துட்டேன். நான் எடுத்துக்கிட்டேன். நீ போ."

அவள் தலை அவர் தோளில் வந்து விழுந்தது. அழுதால் எத்தனை மதிப்பெண் குறையும் என்று தெரியாது. அவள் ஓவென்று அழுதாள்.

தாங்கள் விரிப்பு துவைத்துத் தருகிற ஆஸ்பத்திரிக்கே ஆட்டோவில் அழைத்துப்போனார். வழி நெடுக முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. மனநலப் பிரிவில் இருந்த லேடி டாக்டர் அவளிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டார். இது பயத்தில் ஒரு வகை, பலருக்கு வருவது, வெட்கப்பட ஒன்றுமில்லை, வாரா வாரம் கூட்டிவந்தால் படிப்படியாகச் சரியாகும் என்றார். தியானம் நிறையப் பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் உனக்கு எப்படி இருக்கிறது என்று நடுவில் ஒருவராவது கேட்டிருக்க வேண்டும் என்றார். இவளிடம் எத்தனை மதிப்பெண் என்றுதான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். தன்னை ஏதாவது செய்துகொள்கிற எண்ணம் உண்டா என்று கேட்டேன், இல்லை என்கிறாள், நானும் நம்புகிறேன் என்றார். பாய்லர்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு டாக்டர் அவரைப் பார்த்து, "நீங்க பாத்துக்கறதாச் சொன்னீங்களாமே. இன்னிக்கு ஒரு நாளைக்குப் பரவாயில்ல. பழக்கமாக்கிடாதீங்க" என்றார். அவர் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. மகள் ஒரு டம்ளர் தண்ணீரை நாலு மடக்கில் குடித்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் அவரைப் பார்த்தாள்; போகுது, குடி என்றார். படுத்துக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரமாகப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்தார். பத்து நிமிடம் அவள் ஒரு கண்ணால் அவரை வேவு பார்த்தாள். பிறகு அந்தக் கண்ணும் மூடியது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. சின்ன வயதில் விட்ட அதே குறட்டை.

அவர் அவள் நெஞ்சுமேல் கிடந்த போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறியது, இறங்கியது. சில சமயம் ஏற ஒரு விநாடி தாமதமாயிற்று. அந்த விநாடியில் அவருடைய மூச்சும் நின்று, அவளுடையது ஏறியதும் சேர்ந்து ஏறியது. மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆறு மணிக்கு மனைவி வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று குறட்டையைக் கேட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எல்லாவற்றையும் அவர் தாழ்ந்த குரலில், போர்வையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லி முடித்தார். அவள் வந்து போர்வையைப் பார்த்து, "சரி, நான் பாத்துக்கறேன். எந்திரிங்க. நீங்க போய்க் கொஞ்சம் சாயுங்க" என்றாள்.

எழுந்து போய் அடுத்த அறையில் படுத்துக் கண்ணை மூடினார். தன் மூச்சு உள்ளே போவது அவருக்குத் தெரிந்தது. நின்றது தெரிந்தது. வெளியே வந்தது. அடுத்தது வருகிறதா என்று பார்த்தார்.

மகள் மறுநாள் காலை ஏழு மணிவரை தூங்கினாள். அவர் தூங்கவில்லை.